ஃபெடரல் அரசு முடங்கும் முன் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் என்னென்ன செய்கிறது?

கேள்வி: "என் மகள் அமெரிக்காவில் மேடிசன் நகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்கிறாள். மறுபடியும் ஷட்டவுன் வரலாம் என்கிறார்கள். அது அரசுப் பல்கலைக்கழகம்தானே, மூடிவிடுவார்களா? உதவித்தொகை நின்றுபோகுமா? இதற்கெல்லாம் முன்கூட்டியே ஏதாவது ஏற்பாடு செய்வார்களா?"

மூட மாட்டார்கள். அது அரசுப் பல்கலைக்கழகம்தான், ஆனால் மாநில அரசுடையது. முடங்குவது வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் அரசு. பேராசிரியர்கள், அலுவலர்கள் எல்லோரும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். அதனால் வகுப்பு, விடுதி, நூலகம், தேர்வு எதுவும் நிற்காது. ஏற்பாடு செய்வார்களா என்றால், நிறையவே செய்வார்கள். ஆராய்ச்சி மானிய அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு செப்டம்பர் மாதம் என்றாலே இந்தத் தலைவலி ஞாபகம் வரும்.

முதலில் ஷட்டவுன் ஏன் வருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். இல்லையென்றால் பழைய அளவிலேயே கொஞ்ச நாள் செலவு செய்துகொள்ள அனுமதிக்கும் தற்காலிகத் தீர்மானமாவது வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், ஒதுக்கீடு இல்லாத துறை செலவு செய்யக் கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. அதை இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொண்டது 1980, 81-இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி கொடுத்த சட்டக் கருத்துகளுக்குப் பிறகுதான். நம் நாடாளுமன்ற முறையில் நிதி மசோதா தோற்றால் ஆட்சியே போய்விடும். அங்கே ஆட்சி அப்படியே இருக்கும், அலுவலகம் மட்டும் மூடும்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு பிடி உண்டு. சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்ட ஃபெடரல் ஊழியர், "பரவாயில்லை, நான் சும்மாவே செய்து தருகிறேன்" என்று சொல்லக்கூட முடியாது. அலுவலக மின்னஞ்சலில் வேலை பார்ப்பதுகூட விதிமீறல். உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து வரும் வேலைகளுக்கு மட்டும்தான் விலக்கு. பல்கலைக்கழகத்தின் ஏற்பாடுகள் எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகின்றன. பணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், அதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஆள்தான் இருக்க மாட்டார். ஆகவே செப்டம்பர் 30-க்குள் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்னும் சில வாரங்களில் நம் வேலைகளில் எதெதற்கு ஒரு ஃபெடரல் அதிகாரியின் கை தேவைப்படும்?

இதற்கு எல்லா ஆண்டும் ஒரே பதில் கிடையாது. 2013 அக்டோபரில் 16 நாள் முடங்கியது. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள், அதுவரை நடந்தவற்றில் அதுதான் மிக நீளமானது. இதில் நடுவில் உள்ளது அரைகுறை முடக்கம். கல்வித் துறை, எரிசக்தித் துறை, பாதுகாப்புத் துறை, மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தரும் என்.ஐ.எச். ஆகியவற்றுக்கு அந்த ஆண்டு ஒதுக்கீடு ஏற்கனவே நிறைவேறியிருந்தது. அறிவியல் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் என்.எஸ்.எஃப்., நாசா, வானிலை ஆய்வுக்கான நோவா, வேளாண்மைத் துறை ஆகியவைதான் மாட்டிக்கொண்டன. மற்ற இரண்டு தடவையும் கிட்டத்தட்ட எல்லாமே மூடின. அதனால் போன தடவை போட்ட திட்டத்தைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் ஏமாறும்.

உங்கள் மகள் படிக்கும் மேடிசன் இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். ஒரே வளாகத்துக்குள்ளும் அதை ஒட்டியும் எத்தனை விதமான ஃபெடரல் தொடர்பு என்று பாருங்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே முன்னாள் படைவீரர் மருத்துவமனை இருக்கிறது. அதற்கு ஓராண்டு முன்னதாகவே ஒதுக்கீடு கிடைத்துவிடும் என்பதால் ஷட்டவுனில் அது மூடாது. வனத் துறையின் மரப்பொருள் ஆய்வகமும், வேளாண்மைத் துறையின் பால்பண்ணைத் தீவன ஆய்வு மையமும் அங்கேதான் இருக்கின்றன. இவை ஃபெடரல் கட்டடங்கள், இவற்றின் விஞ்ஞானிகளும் ஃபெடரல் ஊழியர்கள். ஆனால் உள்ளே வேலை செய்பவர்களில் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு. ஷட்டவுன் அன்று கதவு பூட்டப்பட்டால் மாணவரின் மாதிரிகளும் உள்ளே, கருவியும் உள்ளே. இன்னொரு பக்கம், செயற்கைக்கோள் வானிலை ஆய்வுக்குப் பேர்போன விண்வெளி அறிவியல் மையத்தில் நோவாவின் கூட்டு நிறுவனம் ஒன்று இயங்குகிறது. அங்கே ஃபெடரல் விஞ்ஞானியும் பல்கலைக்கழக விஞ்ஞானியும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒருவர் வீட்டுக்குப் போவார், மற்றவர் வேலையைத் தொடர்வார்.

ஆக, துறைத் தலைவர்களுக்குப் போகும் முதல் அறிவுறுத்தலே இப்படித்தான் இருக்கும்: ஃபெடரல் கட்டடத்தில் இருக்கும் உங்கள் பொருட்களை இப்போதே வெளியே எடுங்கள், ஃபெடரல் சர்வரில் இருக்கும் தரவை நகலெடுத்துக்கொள்ளுங்கள், அக்டோபரில் ஆய்வேட்டுத் தேர்வு இருக்கும் மாணவரின் குழுவில் ஃபெடரல் விஞ்ஞானி இருந்தால் மாற்று ஆளைப் பாருங்கள். தரவு விஷயத்தைப் பலர் அலட்சியப்படுத்துவார்கள். 2013-இல் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்டின் இணையப் பக்கங்களே மூடப்பட்டன. 2025-இல் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்கள் வாரக்கணக்கில் தள்ளிப்போயின. பொருளாதாரத் துறையில் அதை நம்பி ஆய்வு செய்பவருக்கு அது பெரிய இடி. வரலாற்று மாணவர்களும் தப்பவில்லை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறைகள் மூடிவிடும் என்பதால், வாஷிங்டனுக்கு டிக்கெட் போட்டவர்கள் தேதியை மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். பெரும்பாலான ஃபெடரல் கிராண்ட், அதாவது ஆராய்ச்சி மானியப் பணம், முன்கூட்டியே மொத்தமாகப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வருவதில்லை. பொதுப்பணித் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்தக்காரர் தன் கைப்பணத்தைப் போட்டு வேலையை முடித்துவிட்டு அப்புறம் பில் போட்டு வாங்குவதைப் போலத்தான். பல்கலைக்கழகம் சம்பளத்தையும் இரசாயனப் பொருள் செலவையும் தன் கணக்கிலிருந்து கொடுத்துவிடும், பிறகு ஃபெடரல் பணப்பட்டுவாடா அமைப்பின் வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 60 கோடி டாலர் ஃபெடரல் ஆராய்ச்சிச் செலவு என்று வைத்துக்கொள்வோம். திரும்ப வரும் பணம் நின்றால் மாதத்துக்கு 5 கோடி டாலர் சொந்தக் கையிருப்பிலிருந்து போகும். 43 நாளுக்கு 7 கோடி டாலருக்கு மேல். மேடிசன் மாதிரி பெரிய இடங்கள் இதைத் தாங்கும். கையிருப்பு குறைவான சிறிய மாநிலக் கல்லூரிகளுக்கு மூச்சு முட்டும்.

அதனால் கணக்குப் பிரிவு செப்டம்பர் கடைசி வாரத்தில் அதுவரை ஆன செலவையெல்லாம் துடைத்துக் கணக்கெடுத்து, எடுக்க வேண்டியதை எடுத்துவிடும். நடக்காத செலவுக்கு முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள முடியாது, விதி அனுமதிக்காது. என்.ஐ.எச். பயன்படுத்தும் பணப்பட்டுவாடா அமைப்பு தானியங்கியாக ஓடுவது, ஷட்டவுனிலும் பெரும்பாலும் இயங்கும். ஆனால் ஏதாவது ஒரு கோரிக்கையில் கேள்விக்குறி விழுந்தால் அதைப் பார்த்து விடுவிக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் வீட்டில் இருப்பார். எனவே பழைய நிலுவை அறிக்கை, தாமதமான கணக்கு முடிப்பு போன்றவற்றைச் செப்டம்பரிலேயே சரிசெய்துவிடுவது புத்திசாலித்தனம். சுவாரஸ்யமில்லாத வேலைதான், ஆனால் ஷட்டவுனில் காப்பாற்றுவது இதுதான்.

ஏற்கனவே வழங்கப்பட்ட கிராண்டில் மீதமிருக்கும் பணம் ஷட்டவுனால் காணாமல் போகாது. அதற்கான ஒதுக்கீடு முந்தைய ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டது. வேலையை நிறுத்தச் சொல்லி எழுத்துபூர்வமாக உத்தரவு வராதவரை பேராசிரியர் தொடர்ந்து செலவு செய்யலாம். உங்கள் மகளின் உதவித்தொகை இப்படிப்பட்ட கிராண்டிலிருந்து வந்தாலும், கற்பித்தல் உதவியாளர் வேலைக்காகப் பல்கலைக்கழகமே கொடுத்தாலும், அக்டோபர் மாதச் சம்பளத்துக்கு ஆபத்தில்லை. ஒப்பந்தம் என்றால் கதை வேறு. கிராண்ட் என்பது உதவி, ஒப்பந்தம் என்பது அரசு வாங்கும் சேவை. ஒப்பந்தங்களுக்குத்தான் வேலை நிறுத்த உத்தரவு சட்டென்று வரும். ஃபெடரல் விஞ்ஞானிகளும் கூடவே வேலை செய்யும் கூட்டு உடன்படிக்கைகள் இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கும்.

உண்மையில் மாட்டிக்கொள்வது ஆண்டுத் தவணை வர வேண்டிய கிராண்டுகள். என்.ஐ.எச். ஐந்தாண்டு கிராண்ட் கொடுத்தாலும் பணத்தைப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டுதான் விடுவிக்கும். யாருடைய தவணை அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வருகிறதோ அவர்களின் பட்டியலை ஆராய்ச்சி அலுவலகம் ஆகஸ்டிலேயே எடுக்க வேண்டும். அதோடு கால நீட்டிப்பு, முதன்மை ஆய்வாளர் மாற்றம், வேறு பல்கலைக்கழகத்துக்குக் கிராண்டை மாற்றுவது என அதிகாரியின் ஒப்புதல் வேண்டிய எல்லாமே செப்டம்பர் நடுப்பகுதிக்குள் போய்ச் சேர வேண்டும். கடைசி வாரத்தில் அனுப்பினால் அந்தப் பக்கத்தில் எல்லோரும் தங்கள் அலுவலகத்தை மூடும் வேலையில் இருப்பார்கள்.

தவணை வரவில்லை, ஆனால் போஸ்ட்டாக்குக்கு, அதாவது பிஎச்.டி. முடித்துவிட்டு ஆய்வு செய்பவருக்கு, சம்பளம் கொடுக்க வேண்டும். அப்போது என்ன செய்வார்கள்? ஃபெடரல் விதியே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கிராண்ட் தொடங்குவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஆகும் செலவைப் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொறுப்பில் செய்துகொள்ளலாம், கிராண்ட் வந்தால் அதிலிருந்து ஈடுசெய்யலாம். வராவிட்டால் நஷ்டம் பல்கலைக்கழகத்துக்கு. அதனால் முன்பணக் கணக்கு ஒன்றைத் திறக்கும்போது, "பணம் வராவிட்டால் நாங்கள் ஏற்கிறோம்" என்று ஒரு துறையோ கல்லூரியோ எழுதித் தர வேண்டும். ஷட்டவுன் ஏற்பாடுகளிலேயே முக்கியமான தாள் அதுதான் என்பேன். மற்றதெல்லாம் பட்டியல், மின்னஞ்சல், கூட்டம். இங்கேதான் யாரோ ஒருவர் நிஜமாகப் பொறுப்பேற்கிறார்.

இந்தப் பொறுப்பைத் துறைகளின் தலையில் கட்டுவது சரியல்ல என்பது என் கருத்து. பணக்காரத் துறை யோசிக்காமல் கையெழுத்துப் போடும். சின்னத் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்கு, "தவணை வந்ததும் ஆளை எடுத்துக்கொள்ளலாமே" என்று பதில் வரும். வரப்போகும் பணம் ஒன்றுதான், இருவரும் தாங்கும் ஆபத்து மட்டும் வேறு. மைய நிர்வாகமே எல்லோருக்கும் சேர்த்து ஈடு கொடுப்பதுதான் நியாயம்.

புதிய விண்ணப்பங்களிலும் ஆண்டுக்கு ஆண்டு நிலைமை மாறுகிறது. 2013-இல் என்.எஸ்.எஃப். விண்ணப்ப இணையதளம் முழுக்க மூடிக்கிடந்தது, சமர்ப்பிக்கவே முடியவில்லை. 2025-இல் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆனால் திறந்து பார்க்க ஆளில்லை. தளம் திறந்திருந்தால் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள் என்றுதான் அனுபவமுள்ள மானிய அலுவலர்கள் சொல்வார்கள். தேதி தள்ளிப்போகும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

களப்பணி உள்ள திட்டங்களுக்கு ஒரு வாரத் தாமதம்கூட ஓராண்டு நஷ்டமாகிவிடும். தென் துருவத்தில் பனிக்கட்டிக்கு அடியில் நியூட்ரினோக்களைத் தேடும் ஐஸ்கியூப் ஆய்வகத்தை இயக்குவது மேடிசன்தான், பணம் என்.எஸ்.எஃப். கொடுக்கிறது. அண்டார்டிகாவில் கோடைப் பணிக்காலம் அக்டோபர் மாதவாக்கில்தான் தொடங்கும். 2013 ஷட்டவுன் சரியாக அப்போது வந்தது. அக்டோபர் 8 அன்று என்.எஸ்.எஃப்., அமெரிக்காவின் அண்டார்டிகா நிலையங்கள் எல்லாவற்றையும் காவல் நிலைக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தது. அதாவது ஆட்களையும் கட்டடங்களையும் பாதுகாக்கும் வேலை மட்டும், ஆராய்ச்சி கிடையாது. ஷட்டவுன் முடிந்ததும் முடிந்தவரை மீட்டார்கள் என்றாலும், அந்தப் பருவத்தில் பல ஆய்வுகள் சுருங்கின, சில தள்ளிப்போயின. அங்கே விட்டுப்போன வாரங்களைக் குளிர்காலத்தில் ஈடுசெய்ய முடியாது, விமானமே போகாது. இப்படிப்பட்ட திட்டங்கள் சாமான்களையும் ஆட்களையும் முடிந்தவரை முன்கூட்டியே கிளப்பிவிடப் பார்க்கும், அதுவும் எப்போதும் முடியாது.

மாணவர் உதவித்தொகை அலுவலகத்துக்குக் கவலை கொஞ்சம் குறைவு. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கான பெல் கிராண்டும் ஃபெடரல் கல்விக் கடனும் ஷட்டவுனிலும் தொடர்ந்து வழங்கப்படுகின்றன. தொல்லை வருவது ஓரங்களில். 2019 ஜனவரியில் வரித் துறை மூடியிருந்ததால், மாணவர்களின் குடும்ப வருமானத்தைச் சரிபார்க்கும் வரி ஆவணங்கள் கிடைக்கவில்லை. கடைசியில், கையெழுத்திட்ட வரிப் படிவ நகலையே ஏற்றுக்கொள்ளலாம் என்று கல்வித் துறை விதியைத் தளர்த்தியது. 2025-இல் முன்னாள் படைவீரர்களின் கல்விச் சலுகை வந்துகொண்டிருந்தது, ஆனால் அதற்கான உதவித் தொலைபேசி எண் செயல்படவில்லை. அந்தக் கேள்விகளெல்லாம் வளாகத்தில் இருக்கும் படைவீரர் உதவி அலுவலகத்தின் மேல் வந்து விழுந்தன. அதே ஆண்டு நவம்பரில் ஸ்னாப் உணவு உதவியே நாடு முழுவதும் தடுமாறியபோது, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவர்களுக்கு வளாக உணவு வங்கி உடனடித் தேவையானது. இதை ஷட்டவுன் திட்டத்தில் முன்னரே எழுதி வைத்த இடங்கள் குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதற்கு முந்தைய முடக்கங்களில் ஸ்னாப் அந்த அளவுக்கு நின்றதில்லை.

வெளிநாட்டு மாணவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும், நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் கேட்பது இதைத்தான். மாணவர்களின் எஃப்-1 விசா நிலையைப் பதிவு செய்யும் செவிஸ் அமைப்பும், படிப்போடு தொடர்புடைய வேலைக்கு அனுமதி தரும் ஓ.பி.டி. விண்ணப்பங்களைப் பார்க்கும் குடியேற்றச் சேவைத் துறையும் விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுபவை. அதனால் அவை பெரும்பாலும் நிற்பதில்லை. ஆனால் எச்1பி விசாவுக்கு முன்னால் தொழிலாளர் துறை ஒரு சான்றிதழ் தர வேண்டும், எல்.சி.ஏ. என்பார்கள். அந்தத் துறைக்கு ஒதுக்கீடு இல்லையென்றால் அது நின்றுவிடும். பல்கலைக்கழகங்களுக்கு எச்1பி எண்ணிக்கை வரம்பு கிடையாது என்பதால் ஆண்டு முழுவதும் விண்ணப்பிப்பார்கள். ஆகவே ஷட்டவுன் எந்த மாதம் வந்தாலும் யாராவது ஒரு போஸ்ட்டாக்கின் விண்ணப்பம் நடுவழியில் நிற்கும். எல்.சி.ஏ.வுக்கு ஏழு வேலைநாள் ஆகும். அதாவது செப்டம்பர் 30-க்குள் கையில் வேண்டுமென்றால் 18, 19 தேதிக்குள் அனுப்பியிருக்க வேண்டும். ஆறு மாதம் முன்னாலேயே அனுப்பலாம் என்பதால், ஆண்டு இறுதிக்குள் விசா முடிபவர்களின் பட்டியலை எடுத்துக் கோடையிலேயே அனுப்பிவிடும் சர்வதேச அலுவலகம்தான் கெட்டிக்கார அலுவலகம். 2025-இல் தொழிலாளர் துறையின் இந்தப் பிரிவு அக்டோபர் முழுக்க மூடிக்கிடந்து, ஷட்டவுன் முடிவதற்கு முன்பே மாதக் கடைசியில் திறந்தது. 2018-19-இல் தொழிலாளர் துறைக்கு ஒதுக்கீடு இருந்ததால் எல்.சி.ஏ. வந்துகொண்டிருந்தது. அப்போது நின்றது, வேலைக்குச் சேர்பவர்களுக்கு அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் இ-வெரிஃபை.

பல்கலைக்கழக மருத்துவமனைகளுக்குத் தனித் தலைவலி உண்டு. 2025-இல் முதியோருக்கான மெடிகேர் தொலைமருத்துவச் சலுகைகளும், வீட்டிலேயே வைத்து மருத்துவமனை சிகிச்சை தரும் அனுமதியும் செப்டம்பர் 30 அன்றே காலாவதியாயின. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது சிகிச்சையை முடித்து அனுப்ப வேண்டும். படுக்கை ஏற்பாடு முன்கூட்டியே செய்தால்தான் உண்டு.

இதையெல்லாம் ஒருங்கிணைக்க, பெரிய பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி, கணக்கு, மாணவர் உதவி, சர்வதேச அலுவலகம், சட்டப் பிரிவு என எல்லோரையும் சேர்த்து ஒரு குழு செப்டம்பரில் கூடும். ஒவ்வொரு ஃபெடரல் துறையும் தன் முடக்கத் திட்டத்தை வெளியிடும், ஆனால் பல சமயம் கடைசி நாட்களில்தான். அவற்றைத் திரட்டித் தருவதற்கு கோகர் போன்ற பல்கலைக்கழகச் சங்கங்கள் இருக்கின்றன. பிறகு வளாகத்துக்கு ஒரு அறிவிப்பு மின்னஞ்சல் போகும். "நிலைமையைக் கவனித்துவருகிறோம்" என்று மட்டும் சொல்லும் மின்னஞ்சலால் யாருக்கும் பயனில்லை. எந்தத் துறையின் கிராண்ட் இருந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயரும் எண்ணும் போட்டு அனுப்புவதுதான் உருப்படியானது.

அரசு திறந்த மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஃபெடரல் ஊழியர்களுக்கு விட்டுப்போன சம்பளம் தர வேண்டும் என்று 2019-இல் சட்டமே வந்துவிட்டது. கிராண்ட் விண்ணப்பங்களை மதிப்பிட நடக்க வேண்டியிருந்து விட்டுப்போன கூட்டங்களை அப்படிச் சட்டம் போட்டு மீட்க முடியாது. நடுவர்களாக இருக்கும் பேராசிரியர்களிடம் மறுபடியும் தேதி வாங்க வேண்டும், அவர்களுக்கும் வகுப்பும் தேர்வும் இருக்கும். அக்டோபரில் நடக்க வேண்டிய மதிப்பீடு குளிர்காலத்துக்குப் போகும், அதன் பின் வர வேண்டிய கிராண்ட் கோடைக்குப் போகும். உங்கள் மகளின் இந்தப் பருவத்து உதவித்தொகைக்குச் சிக்கல் இல்லாவிட்டாலும், அவருடைய பேராசிரியர் புதுப்பிப்புக்காகக் காத்திருக்கும் கிராண்ட் எது, அது எப்போது முடிகிறது, தாமதமானால் அடுத்த பருவத்துக்குக் கற்பித்தல் உதவியாளர் இடம் கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். அந்த இடங்களைத் துறைகள் பருவம் தொடங்கும் முன்பே நிரப்பிவிடும்.